பத்தாம் வகுப்புக்கு எலும்ப கையில குடுத்து பரிணாமம் நடத்தின அனுபவம், உங்க பக்கம் எப்படி?

கோத்தகிரி பயோ மிஸ்:

மலைல பயாலஜி எடுக்குறவங்க, படிக்கிற பசங்களோட அப்பா அம்மா, யாரா இருந்தாலும் இந்தப் பாடத்துல உங்களுக்கு நடந்தத எழுதுங்க, முதல்ல என்னோடத சொல்லிடறேன். நம்ம ஸ்டேட் போர்டு பத்தாவது புக்குல மனுஷன் கை, வௌவால் இறக்கை, திமிங்கலத் துடுப்பு எல்லாம் வர்ற பாடம் இருக்குல்ல, அமைப்பு ஒத்த உறுப்புகள் (வேலை வேற, உள் அமைப்பு ஒண்ணு), செயல் ஒத்த உறுப்புகள் (வேலை ஒண்ணு, அமைப்பு வேற), எச்ச உறுப்புகள் (முன்னோர்கிட்ட இருந்து மிச்சமா நிக்கறது)னு. ரெண்டு மார்க் கேள்வியா கேட்டா பசங்க அப்படியே ஒப்பிச்சு எழுதிருவாங்க. சரி இது ஏன் பரிணாமத்துக்கு சான்றுனு திருப்பிக் கேட்டா கிளாஸ்ல சத்தமே இருக்காது, யாராச்சும் ஒருத்தர் "ஒரே மாதிரி இருக்கு மிஸ், அதனால"னு சொல்லுவாங்க. ஒரே மாதிரி இருந்தா மட்டும் போதுமா, பட்டாம்பூச்சிக்கும் இறக்கை வௌவாலுக்கும் இறக்கை, அத ஏன் சான்றுனு சொல்லலனு கேட்டா அவ்ளோதான், எல்லாரும் புக்கப் பாக்க ஆரம்பிச்சிருவாங்க.

அதனால நான் இப்பல்லாம் புக்க மூடி வெச்சுட்டுதான் இந்தப் பாடத்த ஆரம்பிக்கிறது. கறிக்கடைல ஆட்டுக்கால், நுனி வெட்டாத கோழி விங்ஸ், லெக் பீஸ் இதெல்லாம் வாங்கி வேக வெச்சு சதையெல்லாம் எடுத்து எலும்ப காய வெச்சு எடுத்துட்டுப் போயிடறது. முதல்ல எலும்பத் தரமாட்டேன். அவங்கவங்க கையவே தோள்ல இருந்து கீழ வரைக்கும் அமுக்கித் தடவிப் பாக்கச் சொல்லுவேன். மேல் கைல ஒரு எலும்பு. முழங்கைக்கு கீழ கைய அப்படி இப்படி திருப்பினா ரெண்டு எலும்பு இருக்கறது விரலுக்குத் தெரியும். மணிக்கட்டுல பொடிப்பொடியா ஒரு கூட்டம், அப்புறம் விரல். ஒண்ணு, ரெண்டு, பொடி, விரல், இத போர்டுல எழுதிப் போட்டுட்டு வேற எதுவும் சொல்றதில்ல.

அதுக்கப்புறம்தான் கோழி விங்ஸ் வரும். நெஞ்சுப் பக்கத் துண்டுல ஒரு எலும்பு, நடுத்துண்டுல ரெண்டு எலும்பு, நுனியில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போன விரலுங்க, அதுல கட்டைவிரல் மட்டும் தனியா குட்டியா துருத்திட்டு நிக்கும். வாழ்நாள் முழுக்க சாப்பிட்ட விங்ஸ்ல விரல் இருக்குனு பசங்களுக்கு அன்னிக்குத்தான் தெரியுது, சில பேர் அருவருப்பா முகத்த சுழிக்கும், சில பேர் விடாம எண்ணும். லெக் பீஸ்ல பெரிய எலும்புக்குப் பக்கத்துல ஊசியாட்டம் ஒண்ணு பல்லுல குத்துமே, நமக்கு முழங்காலுக்கு கீழ வெளிப்பக்கமா ஓடுற எலும்பு இருக்கு பாருங்க, அதேதான் அது, கோழிக்கு கீழ வரைக்கும் போறதுக்குள்ள தேஞ்சு முடிஞ்சிருது.

ஆனா கிளாஸ உலுக்குறது ஆட்டுக்கால்தான். சூப்புக்கு வாங்குற அந்த நீள எலும்ப எடுத்து முன்பக்கம் விரலால தடவிப் பாருங்க, நடுவுல மேல இருந்து கீழ ஒரு கோடு ஓடும். கீழ் முனைல அது ஒண்ணா முடியாது, ரெண்டா பிரிஞ்சு ரெண்டு உருளையா நிக்கும், ஒவ்வொண்ணுலயும் ஒரு குளம்பு மாட்டும். ஏன்னா அது ஒரு எலும்பே கிடையாது, நம்ம உள்ளங்கைல நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நேரா இருக்கற ரெண்டு எலும்பும் ஒட்டிக்கிட்டதுதான். குட்டி கருவுல இருக்கும்போது ரெண்டும் தனித்தனியாத்தான் உருவாகுது. ஒரு பையன் அத குறுக்க ரம்பத்தால அறுத்துக் காட்டுங்க மிஸ்னான், அறுத்தோம், உள்ள மஜ்ஜை இருந்த குழியில தடுப்புச்சுவர் மாதிரி மெல்லிசா ஒரு தகடு தெரிஞ்சுது. அந்தப் பையன் அத ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தான், எனக்கு அந்த வருஷத்துக்கே அது போதும்னு இருந்துச்சு.

மந்துல, அதாவது தோடர் குடியிருப்புல இருந்து வர்ற ஒரு பொண்ணு, வீட்ல எருமை இருக்கு, ரொம்ப பேசாது, அது மட்டும் கேட்டுச்சு, "எங்க எருமைக்கு குளம்புக்கு பின்னால மேல ரெண்டு சின்னதா தொங்குமே மிஸ், அது என்ன விரல்?"னு. ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும்தான் அது! தரையத் தொடாது, இருந்தும் அங்கதான் இருக்கு. நான் சொல்ல வேண்டியத அந்தப் பொண்ணே கேட்டு எடுத்துருச்சு. கட்டைவிரல் எங்க போச்சுனு அடுத்த கேள்வி வந்துச்சு, மாடு எருமை ஆடு எதுக்கும் அது இல்ல. வரையாடு பாறை விளிம்புல நிக்கறதும் அதே ரெண்டு விரல் நுனியிலதான்.

இதெல்லாம் ஆனப்புறம்தான் நான் கேக்குறது, பறக்க ஒருத்தன், ஓட ஒருத்தன், நீந்த ஒருத்தன், எழுத ஒருத்தன், வேலை இவ்ளோ வேற வேற, சாமான் மட்டும் ஏன் அதே ஒண்ணு ரெண்டு பொடி விரல்? தேவைக்கு ஏத்த மாதிரி புதுசா செஞ்சிருந்தா ஆட்டுக்கு எடுத்த எடுப்புலயே ஒரே எலும்பு வெச்சிருக்கலாமே, ரெண்டு வெச்சு ஒட்ட வேண்டியதில்லையே. தாத்தா பாட்டிகிட்ட இருந்து வந்த சொத்த அவனவன் இடத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டான்னு பசங்களே வந்து நிப்பாங்க. டார்வின் 1859ல எழுதின புத்தகத்துல வைக்கிற வாதமும் இதுதான், பிடிக்கிற மனுஷக் கை, ஓடுற குதிரைக் கால், பறக்குற வௌவால் இறக்கை எல்லாம் ஏன் ஒரே அமைப்புனு.

பிள்ளைப்பூச்சிய மறந்துடாதீங்க. மழைக்கு வீட்டுக்குள்ள வரும், முன்கால் மண்வெட்டி கணக்கா இருக்கும், பெருச்சாளியும் மண்ணத் தோண்டும். ஆனா பிள்ளைப்பூச்சி கால்ல எலும்பே கிடையாது, மேல ஓடுதான். வேலை ஒண்ணு, சாமான் வேற. பட்டாம்பூச்சி கேள்விக்கு பதில் அங்க கிடைச்சிடும்.

கொடை ஏரிக்கரை:

மிஸ் வணக்கம். நான் டீச்சர் இல்லீங்க, கொடைக்கானல்ல குதிரை வெச்சிருக்கோம், சீசனுக்கு ஏரியச் சுத்தி டூரிஸ்ட்ட ஏத்துறது. என் பொண்ணு பத்தாவது, ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்து பேக்கக்கூட வைக்காம லாயத்துக்கு வந்து "அப்பா முன்னங்கால தூக்குங்க"னு சொல்லுச்சு. நாங்க பரம்பரையா முட்டினு சொல்ற இடத்தத் தொட்டு இது முட்டி இல்லப்பா மணிக்கட்டுனு சொல்லுது. அப்ப நிஜ முழங்கை எங்கம்மானு கேட்டா நெஞ்சோட ஒட்டி மேல காட்டுது, தடவிப் பாத்தா ஆமா அங்க இருக்கு. பின்னங்கால்ல பின்பக்கமா மடங்குதே அது முட்டி இல்லையாம் குதிகாலாம், நிஜ முட்டி மேல வயித்துக்கிட்ட இருக்கு, அது நம்மள மாதிரி முன்பக்கமாத்தான் மடங்குது. அப்புறம் சொல்லுச்சு பாருங்க, குதிரை நிக்கறது ஒவ்வொரு கால்லயும் ஒத்த நடுவிரல் நுனியில, குளம்பு அந்த விரலோட நகம், நாம லாடம் அடிக்கிறதே நகத்துலதான்னு. அதான் அடிக்கும்போது வலிக்கறதில்ல.

குளம்புக்கு மேல போற நீள எலும்புக்கு ரெண்டு பக்கமும் குச்சி குச்சியா ஒவ்வொரு எலும்பு இருக்கும், குதிரைக்காரங்க எல்லாருக்கும் தெரியும், சின்னக் குதிரைய ரொம்ப ஓட விட்டா அங்க வீங்கும். அது ஆள்காட்டி விரலுக்கும் மோதிர விரலுக்கும் மிச்சம்னு என் பொண்ணு சொல்லித்தான் கேக்குறேன். 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி குதிரை நாய் சைஸ்ல இருந்துச்சாம், முன்னங்கால்ல நாலு விரல் பின்னங்கால்ல மூணு விரலாம், கல்லாப் போன எலும்பு கிடைச்சிருக்காம். இப்ப சவாரிக்கு வர்ற டூரிஸ்ட் புள்ளைங்களுக்கும் நான் இத சொல்லிக் காட்டறேன், ரொம்ப ஆசையா கேக்குதுங்க. செண்பகனூர் மியூசியத்துக்கும் பொண்ணக் கூட்டிட்டுப் போனேன், பாடம் பண்ணி வெச்ச மிருகம் பறவை நிறைய இருக்கு, ஆனா அதுல மேல் தோலத்தான பாக்க முடியும், இது உயிரோட நின்னு தொடவும் விடுது.

பந்தலூர் சார்:

மேடம், எங்க பக்கத்துல ரெண்டு விஷயம் கவனமா இருக்க வேண்டியிருக்கு. ஒண்ணு வௌவால். கரண்ட் கம்பில அடிபட்டு செத்துத் தொங்குறத பசங்க குச்சியால தட்டி எடுத்துட்டு வந்துருவாங்க. 2018ல கோழிக்கோட்டுல வௌவால்கிட்ட இருந்து பரவுற நிபா காய்ச்சல் வந்ததுல இருந்து நாங்க கேரளா பார்டர்ல இருக்கறவங்க, செத்த வௌவாலத் தொடவே கூடாதுனு கண்டிப்பா சொல்லிட்டேன், படத்துல பாத்தா போதும். ரெண்டாவது, ஒரு பையன் எஸ்டேட் ஓரத்துல கிடந்த கடமான் கொம்ப பைல போட்டு எடுத்துட்டு வந்துட்டான், தானா உதிர்ந்ததுதான சார்னு கேக்குறான். உதிர்ந்ததா இருந்தாலும் 1972 வனவிலங்குச் சட்டப்படி வெச்சுக்கக் கூடாது, ரேஞ்ச் ஆபீஸுக்கு தகவல் சொல்லி ஒப்படைச்சோம். குடுக்கறதுக்கு முன்னாடி கிளாஸ்ல காட்டினேன், மான் கொம்பு முழுக்க எலும்பு, விழுந்து திரும்ப முளைக்கும், காட்டெருமைக் கொம்பு உள்ள எலும்பு மேல நகம் மாதிரி உறை, அது விழாதுனு. காட்டு மிருகத்தோட எலும்பு எதுவும் ஸ்கூல்ல சேத்து வெக்காதீங்க, கறிக்கடை எலும்பே தாராளம்.

எலும்புக்கு எங்க வழி எக்ஸ்ரே. எல்லார் வீட்லயும் பீரோ மேல யாராச்சும் கை உடைஞ்சப்ப எடுத்த ஃபிலிம் ஒண்ணு கிடக்கும். பேர் இருக்கற ஓரத்த வெட்டிட்டு ஜன்னல் கண்ணாடில ஒட்டி, பக்கத்துல யானைக் கால் எலும்புப் படத்த வெப்பேன். யானைனா எங்க பசங்களுக்கு தினசரி விஷயம், காலையில ஸ்கூலுக்கு வர்றதே அது எங்க நிக்குதுனு விசாரிச்சுட்டுத்தான். அந்தத் தூண் மாதிரி காலுக்குள்ள அஞ்சு விரல் இருக்கு, அதுவும் விரல ஊனி குதிகாலத் தூக்கித்தான் நிக்குது, பின்னால கொழுப்பு மெத்தை தாங்குதுனு காட்டினா வாயப் பொளந்து பாப்பாங்க.

இன்னொண்ணு, காசே இல்லாம செய்யறது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேத்து வெச்சு மணிக்கட்ட லேசா உள்பக்கம் மடக்கச் சொல்லுங்க. நடுவுல ஒரு நரம்பு மாதிரி தசைநாண் எழும்பி நிக்கும். நிறைய பேருக்கு நிக்கும், சில பேருக்கு நிக்காது, புக்குல சுமார் 15 சதவீதம்னு போடுவாங்க, ஊருக்கு ஊர் மாறும். இல்லாதவங்களுக்கு கைல பலம் ஒண்ணும் குறையறதில்ல, டாக்டருங்க வேற இடத்துல தசைநாண் அறுந்தா இத எடுத்துத்தான் அங்க வெச்சுத் தைக்கிறாங்க. எச்ச உறுப்புனா குடல்வால்னு மட்டும் எழுதுற பசங்க, தன் கையிலயே ஒண்ணு இருக்குதா இல்லையானு பாத்துட்டு வீட்டுக்குப் போய் அம்மா அப்பா கையெல்லாம் மடக்கச் சொல்லிட்டு வருதுங்க.

ஊட்டி கால்நடை:

குதிரைனு பேச்சு வந்ததால சொல்றேன். ரேஸ் குதிரைங்கள்ல சிலது ஓடும்போது மூச்சுல உறுமல் சத்தம் வரும், குரல்வளைல இடது பக்க தசை வேலை செய்யாம போறதால. அந்தத் தசைக்குப் போற நரம்பு மூளைல இருந்து கிளம்பி பக்கத்துல இருக்கற குரல்வளைக்கு நேரா போறதில்ல, கழுத்து முழுக்க இறங்கி நெஞ்சுல இதயத்துக்கு மேல பெரிய ரத்தக்குழாய சுத்திட்டு திரும்ப மேல ஏறுது. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே சுத்துதான், மீட்டர் கணக்குல. மீனுக்கு இதே நரம்பு செவுளுக்கு நேரா போகும், அங்க சுத்து இல்ல. கழுத்து நீண்டு இதயம் கீழ இறங்கின வம்சத்துல நரம்பு ரத்தக்குழாய்க்குப் பின்னால மாட்டிக்கிச்சு. நமக்கும் இடது பக்கம் அப்படித்தான். இத பசங்களுக்கு போர்டுல வரைஞ்சு காட்டுங்க மேடம், ரொம்ப நல்லா எடுபடும்.

குன்னூர் அம்மா:

மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க, என் பையன் கேட்டத அப்படியே கேக்குறேன். ஒரே கடவுள் ஒரே மாடல வெச்சு எல்லாத்தையும் செஞ்சிருக்கலாம்ல? வீட்ல நாங்க ஜெபம் பண்றவங்க, அவனுக்கு ரெண்டுக்கும் நடுவுல மனசு அடிச்சுக்குது.

கோத்தகிரி பயோ மிஸ்:

தப்பே இல்லம்மா, எனக்கு பிடிச்ச கேள்வி இது, பையனுக்கு சபாஷ் சொல்லுங்க. அந்த ஒரே மாடல் எண்ணம் பெரிய விஞ்ஞானிக்கே இருந்துச்சு, 1843ல இந்த அமைப்பு ஒப்புமைய தெளிவா வரையறுத்த ரிச்சர்ட் ஓவனே ஒரு மூல மாதிரி வடிவம்னுதான் நினைச்சாரு, டார்வின் சொன்ன விளக்கத்த எதிர்த்தாரு. அதனால கேள்விய கிளாஸ்ல நான் அமுக்கறதில்ல. பசங்ககிட்ட பறக்கறதயே எடுத்துக்கச் சொல்லுவேன். பறவை கை முழுக்க இறகு வெச்சுப் பறக்குது, விரல் சுருங்கிப் போச்சு. வௌவால் நாலு விரல நீட்டி நடுவுல தோல் வெச்சுப் பறக்குது. டைனோசர் காலத்து டெரோசார் மோதிரவிரல் ஒண்ண மட்டும் நீட்டிப் பறந்துச்சு. ஒரே மாடல வெச்சு செய்யறவரு பறக்கறதுக்கு ஒரு நல்ல இறக்கைய செஞ்சு மூணுக்கும் குடுத்திருக்கலாம். கைய மூணு விதமா வளைச்சு இறக்கையாக்கினதப் பாத்தா, கை முதல்ல வந்து இறக்கை அப்புறம் வந்த கதைதான் பொருந்துது.

அந்தக் கைக்கும் முன்னாடி என்னனு கேட்டா டிக்டாலிக் சொல்லுங்க. நாலு கால் வர்றதுக்கு முந்தின காலத்துப் பாறை எங்க இருக்குனு கணக்குப் போட்டு கனடாவோட வடகோடில தேடி 2004ல எடுத்த மீன், 37.5 கோடி வருஷம் பழசு. செதில் இருக்கு, துடுப்பு இருக்கு, துடுப்புக்குள்ள ஒண்ணு, ரெண்டு, அப்புறம் பொடி எலும்பு. போர்டுல எழுதினது அப்படியே வரும்.

ஜெபம் பண்றத நிறுத்துன்னு நான் எந்தப் புள்ளைகிட்டயும் சொன்னதில்ல, சொல்லவும் மாட்டேன்மா. எலும்பு என்ன காட்டுதுனு எண்ணிப் பாத்து எழுது, அதுதான் என் கிளாஸ்ல வேலை. பையன ஒரு நாள் ஆட்டுக்கால் சூப்பு வெக்கும்போது கூட உக்கார வைங்க.

கால்நடை சார், அந்த நரம்பு படத்த கண்டிப்பா சேத்துக்கறேன். கொடை அண்ணா, உங்க பொண்ணு குதிரைக்கால தொட்டுக் காட்டுறத ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா, எங்க பசங்களுக்குக் காட்டணும். எலும்பு சுத்தம் பண்றது எப்படினு உள்பெட்டில கேட்டவங்களுக்கு: குக்கர்ல போடாதீங்க, எலும்பு உதிரும். சின்னத் தீயில வேக வெச்சு சதைய எடுங்க, சோப்புத்தூள் தண்ணில சில நாள் ஊற வெச்சா கொழுப்பு இறங்கும், கடைசியா மெடிக்கல்ல ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி தண்ணி கலந்து நீங்களே கிளவுஸ் போட்டு முக்கி எடுங்க, பசங்க கையில குடுக்காதீங்க. பிளீச்சிங் பவுடர் வேண்டாம், அது எலும்ப அரிச்சிரும். நம்ம ஊர் மூடுபனிக்கு வெளிய காயாது, அடுப்புக்கு மேல பரண்ல வைங்க.