வாட்டா, கம்பியா?

தீபா: மாமா, ஹாம் (அமெச்சூர் ரேடியோ) பரீட்சை அடுத்த மாசம். 20 வாட் ரேடியோ செட் வாங்கவா, 100 வாட்டா?

பெரிய மாமா: இப்ப ரெண்டும் வேண்டாம்மா. லைசென்ஸ் வர்ற வரைக்கும் காதைப் பழக்கு. நெதர்லாந்து ட்வென்டே பல்கலைக்கழகத்தோட வெப்எஸ்டிஆரை, அதான் இன்டர்நெட் வழியா கேக்குற ரேடியோ ரிசீவரை, பிரவுசர்ல திறந்து கேளு. 7 மெகாஹெர்ட்ஸ்ல எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை) மோட், 14-ல யுஎஸ்பி (மேல் பக்கப்பட்டை) மோட். மாத்திப் போட்டா ஒரு வார்த்தை புரியாது.

மல்லிகா அக்கா: வாட்டுக்குக் காசைக் கொட்டாதே தீபா. பவரை நாலு மடங்கு ஏத்தினாத்தான் எதிர்ப்பக்கம் மீட்டர்ல ஒரே ஒரு எஸ் பாயின்ட் (சிக்னல் பலத்துல ஒரு படி) கூடும். அந்தக் காசு ஆன்டெனாவுக்குப் போகட்டும்.

தீபா: டைபோல், அதான் ரெண்டு பக்கமும் கம்பி இழுக்குற ஆன்டெனான்னா, கம்பி எவ்ளோ நீளம்?

பெரிய மாமா: 143-ஐ மெகாஹெர்ட்ஸால வகு. 7.1-க்கு 20.14 மீட்டர், பக்கத்துக்கு 10.07. ஆனா வெட்டும்போது 10.5 விடு. ஒரு பக்கம், செட்டுல இருந்து வர்ற கோஆக்ஸ் கேபிளோட நடுக்கம்பிக்கு, இன்னொண்ணு அதைச் சுத்தி இருக்கிற கம்பிப் பின்னலுக்கு. நடுவுல 1:1 பாலன் (பின்னலோட வெளிப்பக்கம் கரன்ட் ஓடாம தடுக்குற பாகம்) போடு. அது இல்லேன்னா பின்னலோட வெளிப்பக்கமும் ஆன்டெனாவா வேலை செய்யும். உன் குரல் டிவி ஸ்பீக்கர்ல வரும், மொபைல் சார்ஜர் இரைச்சல் உன் ரிசீவர்ல வரும் 😄

தீபா: எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பொருந்தாம பவர் எவ்ளோ திரும்புதுன்னு காட்டுற அளவு) 6.8-ல கம்மியா இருந்தா?

பெரிய மாமா: 10.5 விட்டா அங்கதான் இருக்கும். கம்பி நீளம்னு அர்த்தம். கணக்குப்படி பக்கத்துக்கு 43 செ.மீ. குறையணும். உடனே வெட்டாதே. முதல்ல ரெண்டு முனையிலயும் 30 செ.மீ. மடிச்சு கம்பியோடவே முறுக்கி, திரும்ப அளந்து பாரு. கட்டப்போற உயரத்துலயே அளக்கணும், தரை கிட்ட இருந்தா அளவு மாறும்.

சின்ன அத்தை: துணிக்கொடி மாதிரியே இருக்கே?

மல்லிகா அக்கா: அத்தை, அதுல துணி போட்டுடாதீங்க! பேசும்போது முனையில வோல்டேஜ் அதிகம், தொட்டா சுட்டுடும். கரன்ட் கம்பிக்குப் பக்கத்துலயும் கட்டக் கூடாது, அறுந்தா அது மேலதான் விழும்.

தீபா: 7 மீட்டர் உயரம் போதுமா அக்கா?

மல்லிகா அக்கா: சில நூறு கிலோமீட்டருக்குத் தாராளம். அவ்ளோ தாழ்வா இருந்தா அலை பெரும்பாலும் நேர் மேல போய் அயனமண்டலத்துல பட்டுத் திரும்பும். தூரம் வேணும்னா 20 மீட்டர் உயரம் கேக்கும். ஆனா சூரியன் மறைஞ்சதும், பகல்ல அலையை உறிஞ்சுற அயனமண்டலத்தோட கீழடுக்கு, அதான் டி அடுக்கு, போயிடும், அப்போ தாழ்வான கம்பிலயும் தூரத்து ஸ்டேஷன் வரும்.

தீபா: கோஆக்ஸ் ஆர்ஜி-58 ஓகேவா?

பெரிய மாமா: 7-க்கு ஓகே. 145 மெகாஹெர்ட்ஸுக்கு அதையே 30 மீட்டர் இழுத்தா, சுமாரா கால்வாசி பவர்தான் மேல போய்ச் சேரும்.

தீபா: சரி, கம்பி 21 மீட்டர் வாங்குறேன்.

பெரிய மாமா: 22 வாங்கு. இன்சுலேட்டர்ல சுத்திக் கட்டவும் வேணும்ல.