எம்எம்ஏ: எங்கே பிறந்தது, எப்படி இவ்வளவு வளர்ந்தது?

கேள்வி:
கலப்புத் தற்காப்புக் கலை எனப்படும் எம்எம்ஏ பண்டைய கிரேக்கத்தில் பிறந்தது என்கிறார்கள் சிலர். 1993இல் அமெரிக்காவில் தொடங்கியது என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்கப்பட்ட ஒரு விளையாட்டு இவ்வளவு விரைவாகப் பரவியது எப்படி?

மறுமொழி 1:
கி.மு. 648இல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட பாங்க்ரேஷன் குத்தும் மல்யுத்தமும் கலந்த போட்டிதான். ஆனால் அதிலிருந்து இன்றுவரை அறுபடாத குரு-சீட மரபு எதுவும் இல்லாததால், அதை முன்னோடி என்று சொல்லலாமே தவிர மூலம் என்று சொல்வது பொருந்தாது. மூலத்தைத் தேடுவோர் பிரேசிலுக்குத்தான் போக வேண்டும். ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா அங்கே கற்பித்த கலையைக் கார்லோஸ் கிரேசியும் அவருடைய தம்பி எலியோவும் எதிராளியைத் தரையில் பிடித்து மடக்கும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவாக வளர்த்து, ஏறக்குறைய எதற்கும் தடையில்லாத 'வாலே துடோ' சண்டைகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜப்பானிலும் சதோரு சயாமா 1985இல் ஷூட்டோ என்ற கலப்புச் சண்டை விளையாட்டைத் தொடங்கியிருந்தார்.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனாலும் 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வரில் யுஎஃப்சி என்ற எம்எம்ஏ நிறுவனம் நடத்திய முதல் போட்டியைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. எடைப் பிரிவுகளே இல்லாத அந்தப் போட்டியில், அதே கிரேசி குடும்பத்தைச் சேர்ந்த, சுமார் 80 கிலோ எடையுள்ள ஹாய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றார். முதல் எதிராளியான குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கையுறை அணிந்து வந்தார். கிரேசி அவரைத் தரையில் சாய்த்து மேலே ஏறி உட்கார்ந்ததும், கழுத்திலோ கையிலோ எந்தப் பிடியும் விழுவதற்கு முன்பே அவர் தரையைத் தட்டித் தோல்வியை ஏற்றுக்கொண்டார். கீழே விழுந்தபின் என்ன செய்வது என்று தெரியாதவருக்கு எவ்வளவு வலுவான குத்தும் உதவாது என்பதை உலகம் கண்ணெதிரே கண்டது அன்றுதான்.

கேள்வி கேட்டவர்:
தோற்றம் தெளிவாகிவிட்டது, நன்றி. பரவியதற்கு அந்த மூர்க்கம்தான் காரணமா?

மறுமொழி 3:
இல்லை, அந்த மூர்க்கமே இதை ஏறக்குறைய அழித்துவிட்டது. அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை மனிதர்களின் சேவற்சண்டை என்று கண்டித்தார். பல மாநிலங்கள் தடை விதித்தன. கேபிள் நிறுவனங்களும் ஒளிபரப்ப மறுத்தன. எடைப் பிரிவு, ஐந்து நிமிடச் சுற்றுகள், தலையால் முட்டுவதற்கும் பின்மண்டையில் குத்துவதற்கும் தடை ஆகியவற்றைக் கொண்ட ஒருங்கிணைந்த விதிகள் 2000ஆம் ஆண்டு வாக்கில் நியூ ஜெர்சியில் உருவான பிறகே இது விளையாட்டாக மதிக்கப்பட்டது. 2001இல் சுமார் 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய யுஎஃப்சி, 2016இல் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. இடையில் 2005இல், ஃபாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீஃபன் போனரும் யுஎஃப்சியின் தொலைக்காட்சிப் போட்டித் தொடர் ஒன்றில் மோதிய இறுதிப்போட்டி புதிய பார்வையாளர்களைத் திரட்டித் தந்தது. 2013இல் ரோண்டா ரௌசி யுஎஃப்சியின் முதல் மகளிர் சண்டையில் களமிறங்கினார். இவை எதுவுமே அந்த விதிகள் இல்லாமல் நடந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.