ஊர் வாய்க்கால்களை இணைய வரைபடத்தில் ஏற்ற எந்தக் கருவி உதவும்?

கேள்வி: கடைமடைவாசி

வணக்கம். திருவாரூர் மாவட்டம் கொரடாச்சேரிக்குக் கிழக்கே பாண்டவையாற்றுப் பாசனம், அதிலும் கடைமடை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் பூத்தூவுவதைச் செய்தியில் பார்ப்போம். எங்கள் வாய்க்காலில் தண்ணீரைப் பார்க்க இன்னும் பல நாள் ஆகும். தூர்வாரும் சமயம் வந்தால் ஊரில் ஒரே பேச்சுதான். எதை வெட்டினார்கள், எதை விட்டார்கள்? நாங்கள் "அய்யனார் கோவில் வாய்க்கால்" என்று மனு எழுதினால் பதிவேட்டில் அதற்கு வேறு பெயர். அதை விளக்கவே பாதி நேரம் போய்விடுகிறது.

சரி, படமாகவே காட்டிவிடுவோம் என்று கூகுள் மை மேப்ஸில் செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு இழுத்திருக்கிறேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "இதுல எது பாயுது, எது வடியுது?" என்று கேட்டார். எல்லாமே நீலக் கோடு, என்ன சொல்வது?

மை மேப்ஸிலேயே தொடரலாமா? கூகுள் எர்த்தில் கீழே காட்டும் உயரத்தை வைத்து நிலத்தின் வாட்டம் (சரிவு) கண்டுபிடிக்க முடியுமா? தண்ணீர் எதுவரை வந்தது என்பது செயற்கைக்கோளில் தெரியுமா? அப்புறம், இப்படிப் படம் போட யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: மன்னை மேப்பர்

பெரியவர் கேட்டதற்குப் பதில் சொல்லும் கருவிதான் உங்களுக்கு வேண்டும். யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு வாருங்கள். அங்கே வாய்க்காலோ வடிகாலோ, தண்ணீர் ஓடும் திசையிலேயே கோடு இழுக்க வேண்டும் என்பது விதி. முதல் புள்ளி தண்ணீர் தொடங்கும் தலைப்பில், கடைசிப் புள்ளி கடைமடையில். பாசன வாய்க்காலுக்குக் கேனல் அல்லது டிட்ச், வடிகாலுக்கு டிரெயின் என்று தனித்தனிக் குறிச்சொல் உண்டு. பிறகு வேறு வேறு நிறம் கொடுப்பது சுலபம்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கூகுள் படத்தின் மேல் வரைந்ததை அப்படியே அங்கே ஏற்றக் கூடாது, உரிமம் இடம் கொடுக்காது. பிங், எஸ்ரி தரும் செயற்கைக்கோள் படங்களின் மேல் வரையலாம். அல்லது போனில் ஓஸ்ம்ஆண்ட் செயலியில் தடப்பதிவை ஓடவிட்டுக் கரையோடு நடந்து, அந்தத் தடத்தின் மேல் வரையலாம்.

நடந்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் பாமணியாற்றுப் பக்கம் ஓரிடத்தில் வடிகாலும் பாசன வாய்க்காலும் மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போல வெட்டிக்கொள்ளும். யாரோ முன்னமே இரண்டையும் ஒரே புள்ளியில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தை நம்பினால் வயலிலிருந்து வடிந்த தண்ணீர் திரும்ப வயலுக்கே பாயும்! நேரில் போனால் வாய்க்காலுக்குக் கீழே ஒரு செங்கல் வளைவு, அதன் வாயை அடைத்துக்கொண்டு ஆகாயத்தாமரை, மறுகரையில் தண்ணீர் சுழித்து மேலே வருகிறது. ஒன்றின் அடியில் மற்றொன்று போகும் இதற்குப் பெயர் கீழ்க்குமிழி. இதை வரையும்போது அடியில் போகும் துண்டை மட்டும் தனியாக வெட்டி, கல்வெர்ட் என்று குறித்து, கீழே போவதைக் காட்ட லேயர் -1 கொடுக்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கும் பொதுப்புள்ளி இருக்கக் கூடாது. உங்கள் ஊரிலும் ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும், தேடிப் பாருங்கள்.

உயரத்தை மறந்துவிடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவு பெரும்பாலும் 30 மீட்டர் கட்டம். உயரத்தில் சில மீட்டர் பிழை சகஜம். தென்னந்தோப்பின் தலைகூட அதில் மேடாகப் பதிவாகும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட வாட்டம் இல்லாத நம் பூமியில் அதை வைத்து எந்தத் தண்ணீரின் போக்கையும் சொல்ல முடியாது.

"இந்த வருஷம் தூர்வாரியது, வாராதது" என்பதை மட்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எழுதாதீர்கள். மாறிக்கொண்டே இருக்கும் விஷயம் அங்கே சேராது. அதற்கு யூமேப் இருக்கிறது. அடியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், மேலே உங்கள் சொந்த அடுக்கு. கணக்குகூடத் தொடங்க வேண்டாம். வருஷத்துக்கு ஓர் அடுக்கு போட்டு, வாராததைச் சிவப்பாக்கி விடுங்கள்.

அனுமதி பற்றி: 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி தேவையில்லை. வாய்க்கால் வரைய பயப்பட வேண்டாம்.

பதில்: பழைய ஓவர்சீயர்

தம்பி, மன்னைக்கார அம்மா சொன்னது சரி. பெயர்ச் சண்டை தீர வேண்டும் என்றால் வாய்க்காலின் புல எண்ணையும் சேர்த்து எழுது. எண் தெரிந்தால் புலப்படத்தை இணையத்திலேயே எடுத்துவிடலாம். ஆனால் அதில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது. போன் காட்டும் இடமும் நாலைந்து மீட்டர் தள்ளிப் போகும். அதனால் உன் படத்தை வைத்துக்கொண்டு "அவர் கரையை வெட்டிச் சேர்த்துக்கொண்டார்" என்று மட்டும் யாரிடமும் பேசிவிடாதே. அது சர்வேயர் சங்கிலி போட்டுச் சொல்ல வேண்டிய விஷயம்.

உயரம் என்றதும் ஒரு பழைய கதை. 1808-ல் நில அளவை செய்துவந்த ஆங்கிலேயர் லாம்ப்டன், கோணம் அளக்கும் தன் பெரிய தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தில் ஏற்றப் பார்த்தார். அரை டன் கருவி. கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கிப்போனது. கோவில் மேல் ஏற்றுவானேன்? ஏறி நின்று நாலா பக்கமும் பார்க்க டெல்டாவில் ஒரு குன்று கிடையாது! இவ்வளவு தட்டையான ஊரில் வாட்டம் தெரிய வேண்டுமானால் இன்றைக்கும் மட்டக்கருவியைத் தூக்கிக்கொண்டு கரையோடுதான் போகணும்.

உனக்கு அவ்வளவு வேண்டாம். ஒவ்வொரு மதகிலும் எண் இருக்கிறதா, ஷட்டர் இறங்குகிறதா, மண் மதகின் அடிமட்டம்வரை ஏறியிருக்கிறதா என்று மட்டும் குறி. மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கரை ஒரு நாள் உன்னோடு அழைத்துப் போ. வயதானவராக இருந்தால் இன்னும் நல்லது. ஆற்றிலிருந்து பிரியும் ஏ வாய்க்காலிலிருந்து கடைசிக் கிளையான டி வாய்க்கால்வரை வாயிலேயே ஒப்பிப்பார்.

பதில்: ரேடார் ராத்திரி

செயற்கைக்கோள் பற்றி நான் சொல்கிறேன், படிப்பே அதுதான். இலவசத்தில் நல்லது சென்டினல்-2. ஒரு புள்ளி 10 மீட்டர், சுமார் ஐந்து நாளுக்கு ஒரு படம். ஒன்றிரண்டு மீட்டர் அகலமுள்ள வாய்க்கால் அதில் தெரியவே தெரியாது. வயல் தெரியும். நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் கறுத்துவிடும், எனவே எந்தத் திட்டு எந்தத் தேதியில் கறுக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் தண்ணீர் நகர்ந்த வழி புரியும். கோப்பர்நிகஸ் பிரவுசரில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விடாது. அப்போது சென்டினல்-1 ரேடாருக்கு மாறுங்கள், அது மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். சம்பா மூழ்கியதைக் காட்ட அதுதான் கை கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை: குறுவையில் முதலில் கறுக்கும் வயலெல்லாம் ஆற்றுத் தண்ணீர் அல்ல. பம்புசெட் வைத்திருப்பவர் ஆறு வருவதற்கு முன்பே நட்டுவிடுவார். பம்புசெட் உள்ள இடங்களைத் தனி அடுக்காகக் குறிக்காவிட்டால், "தண்ணீர்தான் வந்துவிட்டதே" என்று உங்கள் படத்தை வைத்தே உங்களை மடக்குவார்கள்.

கடைமடைவாசி

எல்லோருக்கும் நன்றி. பிங் படத்தின் மேல் புதிதாக வரையத் தொடங்கிவிட்டேன். லஸ்கர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். பம்புசெட் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னொரு சிக்கல். மதகுப் பட்டியலை எக்செலில் போட்டு யூமேப்பில் ஏற்றினால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாக வருகிறது.

மன்னை மேப்பர்

சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி கொடுத்திருப்பீர்கள். "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று தனியாக இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் பெயருக்கு இரண்டு நெடுவரிசை வையுங்கள், ஊர் வழக்கு ஒன்று, பதிவேட்டுப் பெயர் ஒன்று. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் மாற்றுப் பெயருக்கு இடம் உண்டு. எந்தப் பெயரில் தேடினாலும் அதே வாய்க்கால் வந்து நிற்கும்.

மனு கொடுக்கப் போகும் கூட்டத்துக்கு லிங்க் கொண்டுபோகாதீர்கள், அங்கே யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஏ3 தாளில் கலர் பிரிண்ட். மதகைப் படம் எடுக்கும்போது போனில் இருப்பிடத்தை ஆன் செய்துகொள்ளுங்கள். வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் அழிந்துவிடும், அதனால் ஒரிஜினலை போனிலிருந்து நேராகக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.