தாய்லாந்துத் தொடருக்குத் தமிழ் வசனவரி: விளிச்சொற்களில் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். 2023இல் வெளிவந்த 'ஐ ஃபீல் யூ லிங்கர் இன் தி ஏர்' என்ற தாய்லாந்துத் தொடருக்கு, ஆங்கிலம் அறியாத என் அக்காவுக்காகத் தமிழில் வசனவரி எழுதி வருகிறேன். இக்காலத்துக் கட்டடக்கலைஞன் ஜோம், ஆற்றில் விழுந்து, 1920களில் வடதாய்லாந்து நகரான சியாங் மாயில் கண்விழித்து, பெரிய வீட்டு மகன் யாயிடம் மனத்தைப் பறிகொடுக்கும் கதை அது.

சிக்கல் விளிச்சொற்களில்தான். ஜோம் யாயைக் 'குன் யாய்' என்கிறான். 'குன்' என்பது பெயருக்கு முன் வரும் மரியாதைச் சொல்; 'யாய்' என்றால் 'பெரிய' என்று பொருள். அதற்காகப் 'பெரியவர்' என்று எழுதினால் இளைஞனுக்கு நரை விழுந்துவிடுகிறது. 'சின்னய்யா' என்றாலோ நம் பழைய பண்ணையார் படம் நினைவுக்கு வருகிறது. காதல் கனிந்த பிறகு 'நீங்கள்' என்பதை 'நீ' ஆக்கலாமா, அல்லது அந்த மரியாதையிலேயே நெருக்கத்தைக் காட்டலாமா?

இன்னொன்று: பாங்காக் பேச்சில் பெண்கள் மரியாதைக்காக வாக்கியத்தை 'கா' என்று முடிப்பதுபோல், வடக்கில் 'ஜாவ்' என்று முடிக்கிறார்கள். அதற்குக் கொங்குத் தமிழின் 'ங்க' பொருந்தும் என்று எனக்குத் தோன்றினாலும், சியாங் மாயைக் கோவையாக்கிவிடுவேனோ என்ற தயக்கமும் இருக்கிறது. மொழிபெயர்ப்பு அனுபவமுள்ளவர்கள் இதற்கு ஒரு வழி சொன்னால் நன்றியுடையவனாவேன்.