கைல காசு இறுக்கமா இருக்கிறப்போ காய், பழத்துக்கு என்ன பண்றீங்க?

நிலா_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. வீட்டுக்காரருக்கு வேலை போய் மூணு மாசம் ஆச்சு, நான் வீட்ல இருந்தே தையல் பண்றேன், அதுல வாடகை கரண்ட் பில் எல்லாம் போக மிஞ்சுறது ரொம்ப கொஞ்சம். வயிறு நிறையுது, அதுக்கு குறை சொல்ல மாட்டேன், ஆனா செலவை குறைக்கணும்னு உக்காந்தப்போ முதல்ல கை வச்சது காய் பழத்துலதான். போன வாரம் பக்கத்து வீட்ல என் சின்னவளுக்கு, ஆறு வயசு, ஒரு துண்டு ஆப்பிள் குடுத்திருக்காங்க, அதை தின்னாம கைக்குள்ளயே பொத்தி வச்சுக்கிட்டு அண்ணன் ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் உக்காந்திருந்தா, அவன் வர்றப்போ அது கறுத்து போயிருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

பிள்ளைங்களுக்கு மட்டுமாவது தினமும் ஏதாவது ஒரு காயோ பழமோ உள்ள போகணும். ரொம்ப கம்மி விலைக்கோ சும்மாவோ கிடைக்கிற வழி ஏதாவது இருக்கா? கடையில போய் மிச்சம் மீதி இருக்கான்னு கேக்கலாம்னு ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போயிட்டு வாய் வராம திரும்பி வந்துட்டேன். எப்படி கேக்கணும்னாவது யாராவது சொல்லுங்க.

காய்க்கடை_தம்பி:
அக்கா, நான் காய்க்கடைதான் வச்சிருக்கேன், அப்பா காலத்துல இருந்து. அதனால கல்லாப்பெட்டி பக்கம் இருந்து சொல்றேன், நீங்க கேட்டா நாங்க தப்பா நினைப்போம்னு நினைக்கவே நினைக்காதீங்க.

ராத்திரி கடை சாத்துறதுக்கு முன்னாடி நாங்க என்ன பண்ணுவோம்னா தரம் பிரிப்போம். ஒரு தக்காளி கிரேட் எடுத்துக்குங்க, மேல இருக்கிற பாரத்துல அடியில இருக்கிறது நாலு நசுங்கி வெடிச்சிருக்கும், அந்த தண்ணி பக்கத்துல இருக்கிறதுங்க மேல பட்டா நாளைக்கு மதியத்துக்குள்ள அதுவும் போயிடும். அதனால மொத்தத்தையும் கொட்டி மூணா பிரிப்போம், கெட்டியானது நாளைக்கு விக்க, ஒழுகுறது குப்பைக்கு, நடுவுல ஒரு குவியல் இருக்கும் பாருங்க, நல்லா கனிஞ்சது, காம்புகிட்ட கீறல் விட்டது, ஒரு பக்கம் அடிபட்டது. இன்னைக்கு சமைச்சா அருமையா இருக்கும், நாளைக்கு காலைல புது லோடு பக்கத்துல வச்சா ஒருத்தரும் தொடமாட்டாங்க. அந்த குவியல்தான் அக்கா உங்களுக்கு. அது பாதி விலைக்கு போனாலும் எங்களுக்கு லாபம்தான், இல்லன்னா குப்பைக்கு தூக்கிட்டு போறதுக்கும் எங்களுக்குத்தான் ஆள் கூலி.

கேக்குறது எப்படின்னா, கடைசி ஆளும் போன பிறகு வாங்க, கூட்டத்துக்கு நடுவுல கேட்டா எங்களாலயும் குடுக்க முடியாது, அடுத்தவங்களும் அதே விலைக்கு கேப்பாங்க. "அண்ணா, கழிச்சது இருந்தா குறைச்சு போட்டு குடுங்க, நான் இன்னைக்கே சமைச்சுடுவேன்" அவ்வளவுதான். இன்னைக்கே சமைச்சுடுவேன்னு சொல்றது முக்கியம், நாளைக்கு வந்து அழுகி போச்சுன்னு சண்டைக்கு நிக்கமாட்டீங்கன்னு எங்களுக்கு ஒரு நம்பிக்கை. பை நீங்களே கொண்டு வாங்க, தினம் ஒரு கடைன்னு மாறாம ஒரே கடைக்கு வாங்க, ரெண்டாவது வாரம் நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிருப்பாங்க.

மழை பெஞ்ச நாள் கண்டிப்பா போங்க, ஆள் வராது, சரக்கு அப்படியே கிடக்கும். மறுநாள் கடை லீவுன்னா அதுக்கு முந்தின சாயங்காலமும் அப்படித்தான். அப்புறம் காலிஃப்ளவர் மேல் இலை, முள்ளங்கி இலை, பீட்ரூட் இலை இதெல்லாம் நாங்க ஒடிச்சு கீழ போட்டுட்டுத்தான் விக்கிறோம், எல்லாமே சாப்பிடுற இலைதான், கால் கிலோ ஏதாவது வாங்கிட்டு கொசுறா கேளுங்க, அள்ளியே குடுப்பாங்க. முள்ளங்கி இலை கொஞ்சம் சுருக்குனு இருக்கும், பொடிசா நறுக்கி வதக்கினா அது அடங்கிடும்.

ஞாயிறு_வாலண்டியர்:
தோழி, உங்க ஊர்ப்பக்கம் ஃபுட் பேங்க், உணவு வங்கி மாதிரி ஏதாவது இருக்கான்னு முதல்ல விசாரிங்க. நான் நாலு வருஷமா வாரா வாரம் ஒண்ணுல வேலை செய்யறேன், அங்க நான் கண்கூடா பாத்ததை சொல்றேன். வர்றவங்க பெரும்பாலும் சீக்கிரம் கெடாத சாமானைத்தான் முதல்ல எடுப்பாங்க, காயும் பழமும் மதியம் வரைக்கும் பெட்டியிலயே இருக்கும், சில நாள் நாங்களே கெஞ்சி கெஞ்சி கைல திணிச்சு அனுப்புவோம். அதனால நீங்க போய் காய் பழம் இருக்கான்னு கேட்டா அங்க இருக்கிறவங்க சந்தோஷம்தான் படுவாங்க. எந்த நாள் காய் வண்டி வருதுன்னு கேட்டு வச்சுக்குங்க, அது வேற நாளா இருக்கும்.

இந்த ஃபுட் பேங்க்ங்கிறதே 1967ல அமெரிக்காவுல ஃபீனிக்ஸ் நகரத்துல ஜான் வான் ஹெங்கல்ங்கிறவர் ஆரம்பிச்சது. கடைங்க பின்னாடி வீசுற நல்ல சாப்பாட்டை எடுத்து பிள்ளைங்களை வளர்த்துட்டு இருந்த ஒரு அம்மாவை பாத்துட்டுத்தான், பேங்க்ல காசு போடுற மாதிரி மிச்சம் இருக்கிறவங்க கொண்டு வந்து போடட்டும், தேவைப்படுறவங்க எடுத்துக்கட்டும்னு அவருக்கு தோணுச்சு. உங்களை மாதிரி ஒரு அம்மாவை வச்சு ஆரம்பிச்ச விஷயம், நீங்க அங்க போய் நிக்க என்ன தயக்கம்? ஐக்கிய நாடுகள் சபையோட கணக்குல 2022ல மட்டும் உலகம் முழுக்க வீணா போன சாப்பாடு 105 கோடி டன். நீங்க யாரோட பங்கையும் பிடுங்கல.

சில நாடுகள்ல ஓலியோ, டூ குட் டு கோ மாதிரி ஆப் இருக்கு, ஓலியோவுல அக்கம்பக்கத்துல இருக்கிறவங்க மிஞ்சினதை சும்மாவே குடுப்பாங்க, இன்னொண்ணுல கடைங்க மிச்ச சரக்கை பையில போட்டு விலை குறைச்சு விப்பாங்க. எல்லா நாட்லயும் கிடையாது, உங்ககிட்ட வேலை செய்யுதான்னு பாருங்க. இல்லன்னா தெரு வாட்ஸப் குரூப்ல "காய் பழம் யார் வீட்லயாவது மிஞ்சினா சொல்லுங்க, நான் வந்து வாங்கிக்கறேன்"னு ஒரு வரி போட்டு வைங்க, ஊருக்கு கிளம்புறவங்க ஃப்ரிட்ஜை காலி பண்ண ஆள் தேடிட்டு இருப்பாங்க.

மரத்தடி:
மேல சொன்னவங்க எல்லாம் சரியா சொல்லிட்டாங்க, நான் மரத்தை பத்தி மட்டும் சொல்றேன். வீட்ல பழ மரம் வச்சிருக்கிறவங்க பாதி பேருக்கு அது காய்க்கிற மாசத்துல தொல்லை, ஒரே நேரத்துல கொட்டும், ஏறி பறிக்க ஆள் இருக்காது, கீழ விழுந்து ஈ மொய்க்கும். தனியா இருக்கிற வயசானவங்க வீடா பாத்து கதவை தட்டி, "நான் பறிச்சு தர்றேங்க, கீழ கிடக்கிறதை கூட்டியும் விடறேன், எனக்கு கொஞ்சம் எடுத்துக்கறேன்"னு கேளுங்க. நான் அஞ்சு வீட்ல கேட்டேன், ஒரே ஒரு வீட்லதான் வேணாம்னாங்க. ஒரு பாட்டி இப்ப பழம் பழுத்த உடனே போன் பண்ணி "ஏன்டா வரல"ன்னு திட்டுறாங்க.

கேக்காம மட்டும் பறிக்காதீங்க. மெயின் ரோட்டு ஓரத்துல முளைச்ச கீரை வேணாம், புகையும் சாக்கடைத் தண்ணியும் சேர்ந்திருக்கும். மருந்து அடிச்ச இடமான்னு கேட்டுக்குங்க. காளான் பக்கமே போகாதீங்க, தெரியாத காளான் உயிரையே எடுத்துடும்.

அறுவடை முடிஞ்ச தோட்டமும் இருக்கு. கதிர் பொறுக்குறதுன்னு சொல்லுவாங்களே அதேதான், இயந்திரமும் ஆளும் விட்டுட்டு போனது, அளவு சின்னதா இருக்குன்னு மண்ணுலயே விட்டது. தோட்டக்காரர்கிட்ட சொல்லிட்டு ரெண்டு குடும்பமா சேர்ந்து போனா ஒரு சாக்கு தேறும்.

ஈரத்துணி:
கிடைக்கிறதை விட கிடைச்சதை காப்பாத்துறதுதான் எனக்கு கஷ்டமா இருந்துச்சு, அதனால இது. கழிச்ச காய் வீட்டுக்கு வந்த உடனே, உக்காருறதுக்கு முன்னாடி, கொட்டி பிரிச்சுடுங்க. வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி இதெல்லாம் எத்திலீன்னு ஒரு வாயு விடும், அது பக்கத்துல கீரை வச்சா மஞ்சளாயிடும், கேரட் கசந்துடும், அதனால பழம் தனி கீரை தனி. கீரையை ஈரத்துணியில சுத்தி வைங்க.

பூசணம் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேரட், முட்டைக்கோஸ் மாதிரி கெட்டியானதுல சின்னதா ஒரு இடத்துல பூசணம்னா சுத்தி ரெண்டரை சென்டிமீட்டர் தள்ளி வெட்டி எடுத்துட்டு மிச்சத்தை சமைக்கலாம், தக்காளி, பெர்ரி மாதிரி சதசதன்னு இருக்கிறதுல பூசணம்னா முழுசா தூக்கி போட்டுடுங்க, உள்ள வரைக்கும் இறங்கியிருக்கும். உருளைக்கிழங்கு நல்லா பச்சையாகி கசந்தா பிள்ளைங்களுக்கு குடுக்காதீங்க, அந்த விஷம் வேகவச்சாலும் போகாது. ஃப்ரீசர் இருந்தா காயை கொதிக்கிற தண்ணியில ரெண்டு மூணு நிமிஷம் போட்டு எடுத்து, பச்சைத்தண்ணியில ஆறவிட்டு, ஈரம் போக துடைச்சு வைங்க, மாசக்கணக்குல இருக்கும். வெங்காயத்தாள் வாங்கினா வேர்ப்பக்கம் ரெண்டு விரக்கடை விட்டு வெட்டி டம்ளர் தண்ணியில நிக்க வைங்க, ஒரே வாரத்துல திரும்ப வளரும், தண்ணிய மட்டும் மாத்திட்டே இருங்க.

நிலா_அம்மா:
தம்பி, நேத்து சாயங்காலம் மழை. நீங்க சொன்னது ஞாபகம் வந்து பையை எடுத்துட்டு கிளம்பிட்டேன். கடையில ஒரு அம்மாதான் இருந்தாங்க, இன்னைக்கே சமைச்சுடுவேன்னு நீங்க சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன், குரல் நடுங்குச்சு, அவங்க ஒண்ணும் கேக்கல, தட்டை தூக்கி அப்படியே பையில கவுத்தாங்க. தக்காளி, பாதி முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் இலை ஒரு கட்டு, கறுத்து போன வாழைப்பழம் பதினாலு. நான் நீட்டுன காசுல பாதியை திருப்பி குடுத்துட்டாங்க. ஃபுட் பேங்க் விசாரிச்சேன், ஒண்ணு இருக்கு, ரெண்டு பஸ் மாறணும், வியாழக்கிழமை போறேன்.

பிள்ளைங்க ஆளுக்கு ரெண்டு பழம் தின்னாங்க, சின்னவ யாருக்கும் எடுத்து வைக்கல. இன்னும் பத்து பழம் இருக்கு, தோல் நல்லா கறுத்துருச்சு, எடுத்து வைக்க முடியுமா?

ஈரத்துணி:
தோல் கறுத்தா ஒண்ணுமில்லம்மா, உள்ள புளிச்ச வாடை இல்லன்னா நல்ல பழம்தான். ஃப்ரீசர் இருந்தா இப்பவே தோல உரிச்சு துண்டு போட்டு தட்டுல ஒட்டாம பரப்பி உறைய வைங்க, அப்புறம் டப்பாவுல கொட்டிக்கலாம், அப்படியே எடுத்து தின்ன ஐஸ்கிரீம் மாதிரி இருக்கும். தோலோட மட்டும் வைக்காதீங்க, பிறகு உரிக்க வராது.

காய்க்கடை_தம்பி:
அக்கா அந்த அம்மா கடைக்கே போங்க, மாத்தாதீங்க.