இழை: கோல்ஃப் சிறுபொருள் பைக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

தொடக்க மடல்

குழுவினருக்கு வணக்கம்.

கோல்ஃப் ஆடத் தொடங்குபவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். ஆட்டத்துக்குக் குழிப்பந்தாட்டம் என்ற பெயர் ஏற்கெனவே இருப்பதால் அங்கே சிக்கல் இல்லை. மட்டை, குழி, சுற்று எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. ஒரு சின்னப் பையில்தான் மாட்டிக்கொண்டேன். பெல்ட்டிலோ பெரிய மட்டைப் பையின் வெளிப்புறத்திலோ கொக்கி போட்டுத் தொங்கவிடுவது. டீ (முதல் அடிக்குப் பந்தை ஏற்றிவைக்கும் சிறு குச்சி), பந்துக்குறி, மாற்றுப் பந்து, பென்சில் போன்றவை அதில் இருக்கும். விற்பவர்கள் ஆக்சசரி பவுச் என்கிறார்கள். முதல் வரைவில் 'துணைக்கருவிப் பை' என்று போட்டிருக்கிறேன். அரசாணை வாசிப்பதுபோல் இருக்கிறது. வேறு சொல் தருவீர்களா?

மறுமொழி

> முதல் வரைவில் 'துணைக்கருவிப் பை' என்று போட்டிருக்கிறேன்

நீளமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சொல் எல்லாச் சாமான்களையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறதே, அதுதான் எனக்கு உடன்பாடில்லை. களத்தில் நடக்கும் குழப்பமும் அதேதான். மட்டைகள் 14-க்கு மேல் போகக்கூடாது என்று விதி இருக்கிறது. சிறுபொருள்களுக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது. அதனால் போன மாதத்து உடைந்த டீ முதல் காய்ந்துபோன பேனா வரை எல்லாம் அடியில் சேர்ந்துவிடும்.

எது எப்போது தேவைப்படுகிறது என்று பாருங்கள். டீ, ஒவ்வொரு குழியின் தொடக்க அடிக்கும் வேண்டும். விதிப்படி 4 அங்குலம் வரை நீளம் இருக்கலாம். மர டீ சட்டென்று உடையும். ஆகவே நாலைந்து டீயாவது கைவசம் இருந்தாக வேண்டும். பந்துக்குறியின் வேலை கிரீனில், அதாவது குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய தரையில். அங்கே பந்தைத் தூக்குவதற்கு முன் அது கிடந்த இடத்தைக் குறித்துவிட வேண்டும். குறிக்காமல் தூக்கினால் ஓரடி தண்டம். இந்தக் குறியை டீக்களோடு சேர்த்துப் போட்டுவைத்தால் விரல் துழாவிக்கொண்டே இருக்கும், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தன் முறை வந்து ஆடும் நிலைக்கு வந்ததும் 40 வினாடிக்குள் அடித்துவிடும்படி விதிநூல் பரிந்துரைக்கிறது. துழாவும் நேரம் அதில்தான் கழியும். தொப்பி விளிம்பில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் குறிகள் விற்பனைக்கு வந்தது இதனால்தான். காந்தம் வேண்டாம் என்பவர்கள் குறிக்கென்றே ஒரு சட்டைப்பையை ஒதுக்கிக்கொண்டால் போதும்.

அடுத்தது மாற்றுப் பந்து. அடித்தது புதருக்குள் போய்விட்டது என்று தோன்றினால், தேடப் போகும் முன்பே தற்காலிகப் பந்து ஆடுவதாகச் சொல்லிவிட்டு இன்னொன்றை அடிக்கலாம். தேட 3 நிமிடந்தான். 2019-க்கு முன் 5 நிமிடம் இருந்தது. மட்டைப் பை தொலைவில் நிற்கிறதென்றால் அந்த இரண்டாவது பந்து உடம்போடு இருக்க வேண்டும்.

பந்தில் அடையாளம் போடும் பேனா அப்படியில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே எண் உள்ள பந்தை இருவர் வைத்திருக்கக்கூடும் என்பதால் அடையாளம் அவசியம், ஆனால் அதை ஆட்டத்துக்கு முன்பே போட்டு முடித்திருப்போம். பேனா உள்ளே கிடக்கட்டும். சாவி, கைக்கடிகாரம், கைபேசி மூன்றும் மட்டைப் பையின் மெத்தென்ற உள்துணி வைத்த அறைக்குப் போகலாம். டீ முனை கைபேசித் திரையில் கோடு போட்டுவிடும். தொலைவுமானிக்குத் தனிக்கூடு உண்டு. துண்டு வெளியே தொங்க வேண்டும், பாதி நனைந்தும் பாதி உலர்ந்தும். வியர்த்த கையுறையை மூடிய பையில் திணித்தால் விறைத்துப்போகும்.

ஆக, நடக்கும்போதே கை தேடுவது ஒரு வகை. மட்டைப் பையில் காத்திருக்கக் கூடியது இன்னொரு வகை. நீங்கள் கேட்கும் பை முதல் வகைக்கானது, பெயரும் அதைச் சொல்ல வேண்டும். என் பரிந்துரை: கையெட்டுப் பை.

மறுமொழி

எட்டுப் பை என்றால் மீதி ஏழு எங்கே என்று கேட்பார்களே!

கிண்டல் இருக்கட்டும். அஞ்சறைப் பெட்டி நம்மிடம் இருக்கும்போது அஞ்சறைப் பை என்றால் என்ன? ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

மறுமொழி

இதுவரை வந்தவற்றோடு, வரக்கூடியவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறேன்.

அஞ்சறைப் பை காதுக்கு இனிமைதான். ஆனால் இந்தப் பைகள் பலவற்றில் அறை ஒன்றோ இரண்டோதான். டீ செருக எலாஸ்டிக் வளையங்கள் சில வைத்திருப்பார்கள், அவ்வளவே. ஐந்து அறை என்று பெயரிலேயே வாக்குக் கொடுத்துவிட்டால் பொருள் அதைக் காப்பாற்றாது. சுருக்குப்பை கயிறு இழுத்து மூடும் வகைக்கு மட்டும் பொருந்தும். அந்த வகையும் விற்கிறது, அதற்குச் சுருக்குப்பை என்றே சொல்லிவிடலாம், புதுச்சொல் தேவையில்லை. 'அடைப்பை' என்றொரு பழஞ்சொல் அகராதியில் இருக்கிறது, ஆனால் அது வெற்றிலைப் பை. தூசு தட்டி எடுத்தாலும் பழைய வாசனை போகாது. மடியில் வைப்பதால் 'மடிப்பை' என்று யாராவது சொல்வதற்குள் நானே மறுத்துவிடுகிறேன்: "மடிப்பை எடு" என்றால் துணியின் மடிப்பை எடுப்பதா, பையை எடுப்பதா?

பழஞ்சொல்லைத் தேடிப் போக இங்கே பெரிய அவசியமும் இல்லை. டீ வருவதற்கு முன் ஈரமணலைச் சிறு கூம்பாகக் குவித்து அதன்மேல் பந்தை வைத்தார்கள். மணல் பெட்டி களத்திலேயே இருந்தது, யாரும் சுமக்கவில்லை. அமெரிக்கப் பல் மருத்துவர் ஜார்ஜ் கிராண்ட் 1899-இல் மர டீக்குக் காப்புரிமை வாங்கினார், ஆனால் விற்க முனையவில்லை. 1920-களில் வில்லியம் லோவெல் விற்கத் தொடங்கிய பிறகே டீ பரவியது. அவரும் பல் மருத்துவர்தான், என்ன பொருத்தமோ! ஆகவே சுமக்கும் தேவையே புதியது.

நான் சொல்வது இடைப்பை. இடையில் மாட்டுவது. ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையில் கை போகும் இடமும் அதுவே. முன்னவர் சொன்ன 'நடக்கும்போதே கை தேடுவது' இதற்குள் அடங்கிவிடுகிறது. இடுப்புப் பை என்று சொன்னால் பணம் வைத்து இடுப்பைச் சுற்றிக் கட்டும் அந்த அகலப் பையை நினைப்பார்கள். அதனோடு இது கலக்காது.

மறுமொழி

இடைப்பைக்கு நான் தடை சொல்லமாட்டேன், கையெட்டை விட்டுக்கொடுக்கிறேன். ஒரு கேள்வி மட்டும்: அதே பையைக் கழற்றி மட்டைப் பையில் தொங்கவிட்டால்?

இன்னொன்றையும் இங்கேயே தீர்த்துவிடுவோம், ஏனென்றால் அந்தப் பொருளும் இந்தப் பைக்குள்தான் இருக்கிறது. கிரீனில் பந்து உயரத்திலிருந்து விழுந்தால் சிறு பள்ளம் விழும். அதைச் சரிசெய்ய இரண்டு பல் உள்ள கருவி. அமெரிக்காவில் டிவட் டூல் என்கிறார்கள். டிவட் என்பதோ மட்டை வெட்டிப் பெயர்த்த புற்பத்தை, அது கிரீனுக்கு வெளியே நடப்பது. பெயரை நம்பி 'புற்பத்தைக் கருவி' என்று மொழிபெயர்த்தால், வாசிப்பவர் அதை எடுத்துக்கொண்டு தவறான இடத்துக்குப் போவார். பள்ளத்துக்குத் தழும்பு, கருவிக்குத் தழும்புக்கவை என்று வைக்கலாம். கவை என்றால் இரண்டாகப் பிரிந்தது, கவட்டை மாதிரி.

கையேட்டில் பயன்படுத்தும் முறையையும் எழுதுங்கள். பள்ளத்தின் ஓரத்தில் குத்தி, சுற்றிலுமிருந்து புல்லை நடுவை நோக்கித் தள்ள வேண்டும், பிறகு உருட்டு மட்டையின் அடியால் மெல்லத் தட்டிச் சமப்படுத்த வேண்டும். பலர் அடியில் விட்டு நெம்பி மேலே தூக்குகிறார்கள். வேர் அறுந்து அந்த இடம் காய்ந்துவிடும்.

மறுமொழி

> மட்டைப் பையில் தொங்கவிட்டால்?

அப்போதும் இடைப்பைதான். கைக்கடிகாரத்தை மேசைமேல் வைத்தால் பெயர் மாற்றுகிறோமா?

தழும்புக்கவைக்கு என் ஆதரவு. பந்துக்குறியைக் 'குறிவில்லை' என்று யாரோ தனிமடலில் கேட்டிருந்தார்கள். வேண்டாம். விதி குறியின் வடிவத்தை வட்டமென்று கட்டவில்லை. நாணயமும் குறிதான், ஒரு டீயைக் கிடத்தினாலும் குறிதான். வில்லை என்று சொன்னால் வட்டத்துக்குள் அடைபட்டுவிடும். வேகமாகச் சொன்னால் 'குறியில்லை' என்றும் கேட்கும்.

தொடக்க மடல் எழுதியவர்

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் இடைப்பை, தழும்பு, தழும்புக்கவை, பந்துக்குறி ஆகிய நான்கையும் ஏற்றிவிட்டேன். டீயை டீயாகவே விட்டிருக்கிறேன். 'பந்துமுளை' எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் தொடக்க அடி அடிக்கும் இடத்தையும் ஆட்டக்காரர்கள் டீ என்றே சொல்வதால் ஒரு சொல் இரண்டுக்கும் பொருந்தவில்லை. சிறுபொருள் அத்தியாயத்தையும் நீங்கள் சொன்ன இரண்டு வகைப்படி மாற்றி எழுதுகிறேன்: இடைப்பையில் இருப்பவை, மட்டைப் பையில் காத்திருப்பவை.

அடுத்த அத்தியாயத்தில் பையைச் சுமந்து கூடவே வருபவர் வருகிறார். அவரைத் தமிழில் 'கேடி' என்று எழுதினால் போலீஸ் தேடும் ஆள் என்று நினைத்துவிடுவார்கள். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.