புரோபோலிஸ்: அடைபிசினா, அடைப்பிசினா?

> நம் கட்டுரையில் புரோபோலிஸுக்குத் தமிழில் ‘தேனீ மெழுகு’ என்றே போடலாமே. தேன்கூட்டிலிருந்து வருவதுதானே?

அண்ணா, அங்கேதான் இடிக்கிறது. மெழுகு, தேனீயின் வயிற்றுச் சுரப்பியில் ஊறுவது. புரோபோலிஸ் அப்படியில்லை. மர மொட்டிலும் பட்டையிலும் கசியும் பிசினைச் சுரண்டி வந்து, மெழுகோடு பிசைந்து, கூட்டின் விரிசலை அடைக்கிறது தேனீ. நம் கட்டுரையோ மூளை நரம்பணுக்கள் சிதையாமல் காக்கக்கூடிய சேர்மங்களைப் பற்றியது. அதில் வரும் கிரைசின், பினோசெம்பிரின் எல்லாம் செடி தந்தவை. மெழுகு என்று எழுதினால் வாசிப்பவர் பொருளையே மாற்றிப் புரிந்துகொள்வார்.

அக்கா சொன்ன ‘தேனரக்கு’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரக்கும் பூச்சி தானே சுரப்பதுதான். அதே சிக்கல்.

என் பரிந்துரை அடைபிசின். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பின்னால், சுவர் ஓட்டையில் கொசுத்தேனீ குடியிருக்கிறது. கூட்டு வாசலில் சுண்டுவிரல் பருமனில் இந்தப் பிசினால் கட்டிய ஒரு குழாய், கருப்பட்டி நிறம். நேற்று அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். சோப்புக்குப் போகவில்லை, தேங்காய் எண்ணெய் தேய்த்த பிறகுதான் விட்டது. பெட்டியில் வளர்க்கும் நம் அடுக்குத் தேனீ இந்த வேலையை அவ்வளவாகச் செய்வதில்லை. கொசுத்தேனீக்கு இதுதான் கட்டட வேலையே. காசிமேட்டில் என் தாத்தா மரப்படகின் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவார். அதே கைவேலைதான் இது.

> அப்படியானால் ‘அடைப்பிசின்’ என்று ப் மிக வேண்டாமா?

வேண்டாம். ப் போட்டால் ‘அடையினது பிசின்’ ஆகிவிடும். தேனடை மெழுகால் ஆனது; வாசலில் விரட்டிய குழப்பம் கொல்லைப்புறமாக உள்ளே வரும். ஊறுகாய், சுடுகாடு மாதிரி வினைத்தொகையாகவே நிற்கட்டும். அடைத்த பிசின், அடைக்கிற பிசின், அடைக்கும் பிசின் மூன்றும் அதற்குள் அடங்கும்.

அப்புறம், கட்டுரைத் தலைப்பில் இருக்கும் ‘மூளைக் காப்பு மருந்து’ என்பதை எடுத்துவிடுங்கள். அடைபிசினோ வல்லாரையோ நரம்பணுச் சிதைவைத் தடுத்ததாகச் சொல்வது பெரும்பாலும் ஆய்வகத்தில் வளர்த்த அணுக்களிலும் எலிகளிலும் கண்டது. பனித்துளிச் செடியில் கண்டெடுத்த கேலன்டமைன் 2001-இல் அமெரிக்காவில் அல்சைமர் நோய்க்கு ஒப்புதல் பெற்றது. அதுகூட அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்குமே தவிர, சிதைவை நிறுத்தாது. எங்கள் தெருவிலேயே மறதிநோய் வந்த அம்மாவுக்காகக் கடை கடையாய் ஏறி இறங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாம் ‘மருந்து’ என்று எழுதினால் அந்தச் சொல்லை நம்பிக் காசைக் கொட்டுவார்கள். ‘நரம்பணுக் காப்புச் சேர்மம்’ என்று வைப்போம்.

> சரி தம்பி, அடைபிசினே இருக்கட்டும். தலைப்பையும் மாற்றிவிட்டேன். ஆனால் முதலில் வரும் இடத்தில் புரோபோலிஸ் என்பதையும் சேர்த்து எழுது. கடையில் அந்தப் பெயர்தானே இருக்கும்.

சேர்த்துவிட்டேன் அண்ணா. அடுத்து ‘ராயல் ஜெல்லி’ நிற்கிறது.